நூறாவது அட்சரேகை

முதல் படத்தில் எதுவுமே இல்லை.
தீவு இருந்தது, கரை இருந்தது,
பெருநிலத்திலிருந்து வரும் இரண்டு பாலங்களும் இருந்தன.
நூற்றுப் பதினெட்டுப் புள்ளிகளை மட்டும் காணோம்.
சிவப்பில் ஒரு வரி திட்டியிருந்தால்கூட
நிம்மதியாக இருந்திருக்கும்.
எல்லாம் முடிந்தது என்பதுபோல்
அடுத்த கட்டளைக்குக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது திரை.

இரவு பதினொன்று. பாயான் லெப்பாஸ்.
மாடியில் நானும் ஹுவே லிங்கும், ஆறிப்போன தே ஓவும்.
தொழிற்சாலை வேன்கள் எங்கெங்கே ஆள் ஏற்றுகின்றன,
எந்த நிறுத்தத்தை எதனோடு சேர்க்கின்றன,
அதைக் கோடுகளாக்கிக் காலைக்குள் தர வேண்டும்.
அதைப் பார்த்துத்தான் புவான் நோர்ஹயாத்தி
ஏழாம் எண் வேனை நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்.

“எக்ஸும் ஒய்யும் மாறியிருக்கும்லா,” என்றாள் ஹுவே லிங்.
மாறித்தான் இருந்தது.
வாய் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிவிட்டது:
ஐந்து புள்ளி நான்கு, அப்புறம் நூறு புள்ளி மூன்று.
படமோ முதலில் பக்கவாட்டில் நடக்கும், பிறகுதான் ஏறும்.
நான் தீவை நூறாவது அட்சரேகையில் ஏற்றி வைத்திருந்தேன்.
துருவமே தொண்ணூறோடு முடிந்துவிடுகிறது.
அதற்கும் பத்து டிகிரி மேலே,
பூமியே இல்லாத இடத்தில்,
சாப்பாட்டு டப்பாவோடு காலை ஷிப்டுக்கு நின்றிருந்தார்கள்
என் நூற்றுப் பதினெட்டு நிறுத்தத்து ஆட்களும்.

மாற்றினேன். அப்போதும் இல்லை.
உலகம் முழுவதையும் திறந்து தேடினோம்.
ஆப்பிரிக்காவின் இடுப்புக்குக் கீழே,
கினி வளைகுடாவில்,
பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும் சந்திக்கும் தண்ணீரில்
மிதந்துகொண்டிருந்தது பினாங்கு.
கேட்காமலே உதவும் உறவினர் மாதிரி
மென்பொருள் எங்கள் எண்களையெல்லாம் சுருக்கி
மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே
அழகாக அடுக்கி வைத்திருந்தது.
அளவில் கை வைக்காதே என்று
ஒரே ஒரு சொல் எழுத வேண்டியிருந்தது.
எழுதினேன்.

வந்துவிட்டன!
ஜெலுத்தோங், ரெலாவ், சுங்கை ஆரா,
ஒவ்வொன்றும் தன் தெருவில், தன் வளைவில்.
கோடுகள் சிலந்தி வலைபோல் மின்ன
ஹுவே லிங் கைதட்டிவிட்டுப் பையைத் தூக்கினாள்.
அனுப்பும் பொத்தான்மேல் என் விரல்.

அப்போதுதான் அறுபத்தொன்றைப் பார்த்தேன்.
ஆயர் ஈத்தாம், பார்லிம், எங்கள் பிளாக் வாசல்.
அங்கிருந்து ஒரு தடித்த கோடு
மலையைத் தாண்டி பாலிக் பூலாவுக்குப் போகிறது.
இந்த நாற்காலிக்கு வருமுன்
ஆறு வருடம் ஆபரேட்டராக அந்த வேனில் போனவள் நான்.
யார் ஜன்னலோரம் தூங்குவார்கள்,
யார் எந்த வளைவில் வாந்தியெடுப்பார்கள் என்று தெரியும்.
ஒருநாளும் அது மலை ஏறியதில்லை.

“புள்ளி எல்லாம் சரியாத்தானே இருக்கு?”
புள்ளிகள் சரி. கோடுகளும் சரி.
பெயர்கள் அகரவரிசையில் நின்றன,
இடங்கள் எண்வரிசையில் நின்றன,
ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியேறியிருந்தார்.
காணாமல் போனபோது தேடினோம்.
தவறான வீட்டில் விளக்கு எரிந்தபோது
கைதட்டினோம்.

பெயரைப் பிடித்து இடத்தோடு சேர்க்க மணி இரண்டாகிவிட்டது.
இப்போது ஏழாம் எண்
தெலுக் கும்பாரின் ஒன்பது நிறுத்தங்களை
மற்றவற்றோடு இணைக்கும் ஒற்றை நூல்.
முந்தைய படத்தில் அது
வெட்டினாலும் தெரியாத பிசிறு.

இன்னும் பதினொரு நிறுத்தங்கள் மிச்சம்.
பழைய ஒப்பந்தக்காரரின் பட்டியல்; டிகிரி இல்லை, மீட்டர்.
எந்த மூலையிலிருந்து அளந்தாரோ, எழுதி வைக்கவில்லை.
அவற்றைச் சேர்த்தால் தீவு முழுவதும்
ஒரு கடுகாகச் சுருங்குகிறது.
சாம்பல் நிறத்தில் ஓரமாக வைத்து
‘இடம் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் கடைசிப் பத்தியைப் படித்தேன்.
எண்களை நம்பாத எவரோ ஒரு டிரைவர்
மலாயில் கிறுக்கியிருக்கிறார்:
பலாமரத்துக்கு எதிரே. ஹார்ன் அடிக்காதே,
குழந்தை தூங்கும்.